அம்மாவின் எலும்பு அடர்த்தி அறிக்கை: −2.2 என்று வந்தால் மருந்து வேண்டுமா, வேண்டாமா?

முல்லைக்கொடி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் எலும்பு அடர்த்திப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த இரண்டு மருத்துவர்கள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லியிருப்பதால், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று எழுதுகிறேன். இங்கே யாரும் மருந்து எழுதித் தர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும், எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

அம்மாவுக்கு வயது 63. மாதவிடாய் 43 வயதிலேயே நின்றுவிட்டது. முடக்குவாதத்துக்காக ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சென்ற ஆண்டு வீட்டுக்குள்ளேயே, மேடுபள்ளம் இல்லாத தரையில், கால் இடறி விழுந்து கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுச் சரியாகிவிட்டது. சிறிய, மெலிந்த உடல்வாகு உள்ளவர்.

இப்போது எடுத்த டெக்ஸா (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ் கதிர்ப் பரிசோதனை) அறிக்கையில் கீழ்முதுகின் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) −1.1 என்றும், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி −2.2 என்றும், முழு இடுப்பு −1.9 என்றும் இருக்கிறது. இவற்றுக்குக் கீழே வார்டு முக்கோணம் என்று ஒரு வரி, அதில் −2.8. மூன்றாண்டுகளுக்கு முன்பு வேறொரு ஆய்வகத்தில் எடுத்தபோது கீழ்முதுகு −1.3 ஆக இருந்தது. இடையில் ஓர் இலவச முகாமில் குதிகாலை ஒரு சிறு கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பு இயல்பாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் மருத்துவர், எண் −2.5 வரை இறங்காததால் இது எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) அல்ல என்றும், முதுகெலும்பு முன்னைவிடத் தேறியிருக்கிறது என்றும், கால்சியமும் வைட்டமின் டி-யும் போதும் என்றும் சொன்னார். இரண்டாமவர் வார்டு முக்கோணத்தின் −2.8-ஐ வட்டமிட்டு, இது எலும்புப்புரைதான் என்று சொல்லி வாரம் ஒரு முறை சாப்பிடும் மாத்திரையை எழுதித் தந்தார். அறிக்கை ஒன்றுதான். எதை நம்புவது? முதுகெலும்பு உண்மையிலேயே தேறியிருக்கிறதா? இதே பரிசோதனையை அடிக்கடி எடுத்தால் கதிர்வீச்சினால் தீங்கு வருமா?

கதிர்ப்படக்காரர் எழுதியது:

வணக்கம். டெக்ஸா கருவியை இயக்கும் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மருந்தைப் பற்றி மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் குழப்பத்தில் பாதி, அந்த எண்கள் எப்படி வந்தன என்பதில் இருக்கிறது; அதை என்னால் விளக்க முடியும்.

டெக்ஸா, ஆற்றலில் வேறுபட்ட இரண்டு எக்ஸ் கதிர்களை உடலினூடே செலுத்துகிறது. தசையும் கொழுப்பும் அவற்றை ஒரு விதமாகவும், கால்சியம் நிறைந்த எலும்பு வேறு விதமாகவும் உறிஞ்சுவதால், மென்திசுக்களின் பங்கைக் கழித்துவிட்டு எலும்பிலுள்ள தாதுவின் அளவை மட்டும் கணக்கிட முடிகிறது. விடை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று வரும். கன அளவுக்கு அல்ல, பரப்பளவுக்குத்தான் இந்தக் கணக்கு. எலும்பின் முன்பின் தடிமனைக் கருவி அறியாது என்பதால், சிறிய எலும்புகள் உள்ளவருக்கு அடர்த்தியை உண்மையைவிடச் சற்றுக் குறைத்தும், பெரிய எலும்புகள் உள்ளவருக்குச் சற்றுக் கூட்டியும் காட்டும். அம்மா சிறிய உடல்வாகு என்றீர்கள், அந்த −2.2-இல் உடலமைப்புக்கும் ஒரு சிறு பங்கு இருக்கலாம். ஆனால் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட ஒருவருக்கு இதைச் சமாதானமாகச் சொல்லி அறிக்கையை மூடி வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

முதுகெலும்பு தேறிவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். முதலாவதாக, இரண்டு அளவைகளும் வெவ்வேறு கருவிகளில் எடுக்கப்பட்டவை. தயாரிப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் அளவீட்டு முறையும் ஒப்பீட்டுத் தரவும் மாறுபடுவதால், ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. இரண்டாவதாக, ஒரே கருவியில் ஒரே நபரை இறக்கி மறுபடியும் படுக்க வைத்து அளந்தால்கூட எண் கொஞ்சம் மாறும். அந்த மாறுபாடு தங்கள் இடத்தில் எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் 30 பேரை இரு முறை அளந்து கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும் என்பது நெறிமுறை. கீழ்முதுகுக்கும் முழு இடுப்புக்கும் ஏறத்தாழ 5 சதவீதம் வரையிலும், தொடை எலும்பின் கழுத்துக்கு ஏறத்தாழ 7 சதவீதம் வரையிலும் உள்ள மாற்றம் வெறும் அளவீட்டுப் பிழையாகவே இருக்கக்கூடும். உங்கள் அம்மாவின் −1.3 இப்போது −1.1 ஆகியிருக்கும் அந்த 0.2 வேறுபாடு, அடர்த்தியில் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம்தான். அதை முன்னேற்றம் என்று எந்த வகையிலும் சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம் இன்னும் முக்கியமானது. வயதானவர்களுக்கு முள்ளெலும்புகளின் ஓரங்களில் எலும்பு முளைகள் வளர்ந்திருக்கும், இணைப்புகள் தடித்திருக்கும், முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெருந்தமனியின் சுவரில் கால்சியம் படிந்திருக்கும். கருவி இவை அனைத்தையும் சேர்த்தே எண்ணிவிடுகிறது. ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தால், அதே தாது சிறிய பரப்பில் அடங்கிவிடுவதால் அதுவும் அடர்த்தி கூடியதுபோலவே தெரியும். அறிக்கையில் எல்1, எல்2, எல்3, எல்4 என்று ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் தனித்தனி எண்கள் கொண்ட ஒரு பக்கம் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து முள்ளெலும்புகளின் டி-ஸ்கோர் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால், பொருந்தாததை விலக்கிவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

அறிக்கையோடு ஒரு படமும் தந்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள். கீழ்முதுகை எடுக்கும்போது முழங்கால்களை மடக்கி, கெண்டைக்கால்களை ஒரு மெத்தைப் பெட்டியின் மேல் வைப்போம். முதுகின் வளைவு மேசையோடு படிந்து, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் தெளிவாகத் தெரியும். இடுப்பை எடுக்கும்போது பாதத்தை ஒரு சட்டத்தில் பட்டையால் இறுக்கி, கால் முழுவதையும் 15 முதல் 25 பாகை வரை உள்நோக்கித் திருப்புவோம். அப்படித் திருப்பினால்தான் தொடை எலும்பின் கழுத்து மேசைக்கு இணையாக வந்து முழு நீளத்தில் பதிவாகும். தொடை எலும்பின் உட்பக்கத்தில் உள்ள சிறு புடைப்பு படத்தில் பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் கால் போதுமான அளவு திரும்பவில்லை என்று பொருள். அப்போது கழுத்துப் பகுதியின் அடர்த்தி உண்மையைவிடக் கூடுதலாக வரும். மூட்டு வலி உள்ளவர்களுக்குக் காலைத் திருப்புவது கடினம் என்பதால், உங்கள் அம்மாவின் படத்தில் இதைப் பார்ப்பது நல்லது.

வார்டு முக்கோணத்தை விட்டுவிடுங்கள். தொடை எலும்பின் கழுத்தில் அடர்த்தி மிகக் குறைவாக உள்ள சிறு பகுதியைக் கருவி தானே தேடிக் குறிப்பதுதான் அது. பரப்பு சிறியது, பிழை அதிகம். நோயைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது நீண்ட காலமாகவே உள்ள விதி. கீழ்முதுகு, முழு இடுப்பு, தொடை எலும்பின் கழுத்து ஆகிய மூன்றில் எது மிகக் குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றை அளக்க முடியாத நிலையிலும், துணைத் தைராய்டு மிகைச் சுரப்பு போன்ற நோய்களிலும் முன்கை எலும்பை அளப்போம்.

குதிகாலில் பார்த்தது மீயொலிக் கருவி. அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் −1, −2.5 என்ற எல்லைகள் அதற்குப் பொருந்தாது. அது இயல்பு என்று காட்டியதால் இடுப்பும் இயல்பாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கதிர்வீச்சைப் பற்றி அஞ்சவே வேண்டாம். ஒரு டெக்ஸா பரிசோதனையில் உடல் பெறுவது சில மைக்ரோசீவர்ட் மட்டுமே. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாகவே நாம் ஒரு நாளில் பெறும் கதிர்வீச்சும் ஏறத்தாழ அதே அளவுதான்.

செம்பருத்தி எழுதியது:

என் அக்காவுக்கும் இதே போல −2.3 வந்தது, மாத்திரையைத் தொடங்கச் சொன்னார்கள். அதைப் பற்றித் தேடிப் படித்தபோது, தாடை எலும்பு அழுகும் என்றும், தொடை எலும்பு திடீரென முறியும் என்றும் இருந்ததைக் கண்டு நாங்கள் மிகவும் அஞ்சிவிட்டோம். எலும்பைக் காப்பதற்காகச் சாப்பிடும் மருந்தே எலும்பை முறிக்குமானால், −2.5 வரும்வரை பொறுத்திருந்து, நடைப்பயிற்சியும் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொண்டு சமாளிப்பதுதானே முறை? உலகச் சுகாதார நிறுவனமே அந்த எல்லையை வகுத்திருக்கும்போது, அதற்கு முன்பே ஏன் மருந்து தருகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. முல்லைக்கொடி அவர்களின் முதல் மருத்துவர் சொன்னதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் எங்களுக்கும் பயன்படும்.

நலம்நாடி எழுதியது:

நான் நாளமில்லாச் சுரப்பிகள் துறை மருத்துவர். நோயாளியை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனாலும், இரண்டு மருத்துவர்களுமே எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுவதால், எண்ணுக்கு வெளியே இருப்பவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

செம்பருத்தி கேட்ட −2.5 எல்லை 1994-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு வகுத்தது. இளம் வயதுப் பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் டி-ஸ்கோர் சொல்கிறது. −1 வரை இயல்பு, −1-க்கும் −2.5-க்கும் இடையில் அடர்த்திக் குறைவு, அதாவது ஆஸ்டியோபீனியா, −2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. மாதவிடாய் நின்ற பெண்களில் எத்தனை பேருக்கு இந்நோய் இருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு கோடு தேவைப்பட்டதால் அது வகுக்கப்பட்டது. −2.4-இல் எலும்பு பத்திரமாகவும் −2.6-இல் ஆபத்திலும் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அடர்த்தி குறையக் குறைய முறிவு ஆபத்து படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். உண்மையில், எலும்பு முறிந்து வரும் பெண்களில் பெரும்பாலோரின் டி-ஸ்கோர் −2.5-க்கு மேலேதான் இருக்கிறது. ஏனென்றால் அந்த இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களின் எண்ணிக்கை மிக அதிகம்.

ஆகவே, இந்த அறிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மணிக்கட்டு முறிவுதான். நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்து எலும்பு முறிந்தால், அந்த எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். மாவுக்கட்டுப் பிரித்ததோடு கணக்கு முடிந்துவிட்டது என்று பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்; மறுபடியும் ஒரு முறிவு ஏற்படும் ஆபத்து மிகுந்திருப்பதோ முதல் முறிவுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில்தான். உங்கள் அம்மா அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். ஆஸ்டியோபீனியா அளவில் எண் இருந்தாலும், இப்படிப்பட்ட மணிக்கட்டு முறிவு சேர்ந்திருந்தால் அதை எலும்புப்புரை என்றே கொள்ளலாம் என்று சில வழிகாட்டுதல்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. இரண்டாம் மருத்துவர் காட்டிய காரணம் தவறாக இருந்தாலும் அவர் வந்தடைந்த முடிவு தவறு என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஸ்டீராய்டு. நாளுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரட்னிசோலோனை மூன்று மாதங்களுக்கு மேல் சாப்பிடும் பெரியவர்கள் அனைவருக்கும் முறிவு ஆபத்தை மதிப்பிட வேண்டும். மருந்து தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே எலும்பு இழப்பு வேகமாக நடந்துவிடுகிறது. ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு எலும்பின் அடர்த்தி மட்டுமல்லாமல் அதன் உள்கட்டமைப்பும் கெடுவதால், டெக்ஸா எண் சுமாராக இருக்கும்போதே எலும்பு முறிகிறது. இரண்டாம் வகை நீரிழிவிலும் இதே நிலைதான். எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதற்காக ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 2008-இல் வெளிவந்த ஃபிராக்ஸ் என்ற கணிப்பு முறை இருக்கிறது. வயது, பாலினம், எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைபிடித்தல், மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம், தொடை எலும்பின் கழுத்து அடர்த்தி ஆகியவற்றை உள்ளிட்டால், அடுத்த 10 ஆண்டுகளில் இடுப்பு முறிவதற்கும் பிற பெரிய முறிவுகளுக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். எத்தனை சதவீதத்தில் மருந்து தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். முறிவு எப்போது நேர்ந்தது, நோயாளி அடிக்கடி விழுகிறாரா என்பவை இதன் அடிப்படைக் கணக்கில் இல்லை என்பதால், உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு அது ஆபத்தைக் குறைத்தே காட்டக்கூடும். அடுத்த சந்திப்பில், ஃபிராக்ஸ் கணக்கிட்டீர்களா, எவ்வளவு வந்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

மருந்து தொடங்குவதற்கு முன்பு இரத்தப் பரிசோதனைகளும் தேவை. கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு, இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை முதலில் பார்ப்போம். ஐயம் எழுந்தால் துணைத் தைராய்டு ஹார்மோனையும், மைலோமா என்ற புற்றுநோயைக் கண்டறியப் புரதப் பகுப்பாய்வையும் செய்வோம். வைட்டமின் டி கடுமையாகக் குறைந்து எலும்பு மென்மையாகியிருந்தால் டெக்ஸா அதையும் குறைந்த அடர்த்தி என்றே காட்டும். அதைச் சரிசெய்யாமல் எலும்புப்புரை மருந்தைத் தொடங்குவது முறையல்ல.

செம்பருத்தியின் அச்சத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பக்கவிளைவுகள் உண்மையானவை, ஆனால் மிக அரியவை. எலும்புப்புரைக்குத் தரும் அளவில் தாடை எலும்புச் சிதைவு, ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவுக்கும் கீழேயே மதிப்பிடப்பட்டிருக்கிறது. தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டால் அது மேலும் குறையும். தொடை எலும்பின் அசாதாரண முறிவு, மருந்தை நெடுங்காலம் எடுப்பதோடு தொடர்புடையது என்பதால்தான், ஐந்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்ட பிறகு, ஆபத்து குறைந்தவர்களுக்கு இடைவெளி விடலாமா என்று மறுபரிசீலனை செய்கிறோம். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மட்டும் இது பொருந்தாது. அதை மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினால் எலும்பு இழப்பு வேகமாகத் திரும்பி முள்ளெலும்புகள் நசுங்கலாம். உங்கள் அக்காவுக்கு முறிவோ ஸ்டீராய்டோ வேறு காரணமோ இல்லையென்றால் காத்திருப்பது சரியாகவும் இருக்கலாம், அதே −2.3 வேறொருவருக்கு வேறு பொருள் தரும்.

முல்லைக்கொடி, அம்மாவின் இளவயது உயரம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியுமா?

முல்லைக்கொடி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தேன். பழைய மருத்துவப் பதிவொன்றில் இருந்த உயரத்தைவிட இப்போது 5 சென்டிமீட்டர் குறைவாக இருக்கிறார். முதுகு இலேசாகக் கூனியிருப்பதை நாங்கள் வயதின் காரணம் என்றே நினைத்திருந்தோம். பெரிய முதுகுவலி எதுவும் அவர் சொன்னதில்லை.

தனித்தனி முள்ளெலும்புகளின் டி-ஸ்கோர் உள்ள பக்கம் கிடைத்தது. எல்1 −1.9, எல்2 −1.8, எல்3 −0.3, எல்4 −0.2 என்று இருக்கிறது. இதோடு இன்னும் இரண்டு ஐயங்கள். அப்பாவுக்கு வயது 72. நெடுங்காலம் புகைபிடித்தவர், முறிவு ஏதும் ஏற்பட்டதில்லை. எனக்கு வயது 36, நோய் எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் இந்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ள வேண்டுமா?

கதிர்ப்படக்காரர் எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். எல்2-க்கும் எல்3-க்கும் இடையில் 1.5 வேறுபாடு இருக்கிறது. எலும்பு முளைகள் பெரும்பாலும் கீழ் முள்ளெலும்புகளில்தான் அதிகம் என்பதால், எல்3-உம் எல்4-உம் செயற்கையாக உயர்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. படத்தில் அந்த இரண்டின் ஓரங்கள் மற்றவற்றைவிட வெண்மையாகவும் ஒழுங்கற்றும் தெரிகின்றனவா என்று பாருங்கள். குறைந்தது இரண்டு முள்ளெலும்புகள் மிஞ்சினால் போதும், கணக்கிடலாம். எனவே எல்1, எல்2 இரண்டை மட்டும் கொண்டு அறிக்கையைத் திருத்தித் தருமாறு ஆய்வகத்தைக் கேட்கலாம். படம் ஏற்கெனவே கருவியில் சேமிக்கப்பட்டிருப்பதால் அம்மா மறுபடியும் வந்து படுக்க வேண்டியதில்லை. திருத்தினால் கீழ்முதுகு −1.1 அல்ல, ஏறத்தாழ −1.9 என்று வரும். இடுப்பின் எண்ணோடு அது பொருந்திப் போகிறது.

நலம்நாடி எழுதியது:

உயரம் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருப்பதும், 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதும் தனித்தனியாகவே முதுகெலும்பைப் பக்கவாட்டில் படம் பிடித்துப் பார்க்கப் போதுமான காரணங்கள். அந்த வசதியுள்ள டெக்ஸா கருவியிலேயே எடுக்கலாம், அல்லது சாதாரண எக்ஸ்-ரே போதும். வலி இல்லாததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முள்ளெலும்பு நசுங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை அறியாமலேயே இருக்கிறார்கள். ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருப்பது உறுதியானால், வேறு நோயால் அது நேரவில்லை என்று தெரிந்துகொண்ட பின், டி-ஸ்கோர் எதுவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான். மருந்து வேண்டுமா என்ற விவாதம் அங்கே முடிந்துவிடும். எந்த மருந்து என்பதுதான் மிஞ்சும். இந்தப் படத்தை எடுக்காமல் மருத்துவரின் அறையிலிருந்து திரும்ப வேண்டாம் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெண்களுக்கு 65 வயதிலிருந்தும், மாதவிடாய் நின்றபின் ஆபத்துக் காரணிகள் இருந்தால் அதற்கு முன்பும் பரிசோதிப்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற உங்கள் அம்மாவுக்கு இது இன்னும் முன்பே செய்திருக்க வேண்டிய பரிசோதனை. ஆண்களைப் பொறுத்தவரை அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு போதிய சான்று இல்லை என்று நடுநிலை வகிக்கிறது. எலும்பு நோய் அமைப்புகள் பல 70 வயதிலிருந்து எடுக்கலாம் என்கின்றன. நெடுங்காலம் புகைபிடித்த 72 வயதுக்காரருக்கு ஒரு முறை எடுத்துவிடுவது நல்லது என்பதே என் கருத்து. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போடுபவராக இருந்தால் அது கட்டாயம் என்றே சொல்வேன்.

உங்களுக்கு இப்போது தேவையில்லை. மாதவிடாய் சீராக வரும் வயதில் டி-ஸ்கோரையே பயன்படுத்துவதில்லை. அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்ப்போம், அது −2 அல்லது அதற்குக் கீழே இருந்தாலும் வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்று மட்டுமே எழுதுவோம். காரணமில்லாமல் எடுத்து, ஓர் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதில் உங்களுக்கு நன்மை ஏதும் இல்லை. அம்மாவின் மணிக்கட்டு முறிவு ஃபிராக்ஸில் உங்கள் கணக்கில் சேராது. பெற்றோரின் இடுப்பு முறிவு மட்டுமே சேரும்.

எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுப்பது என்பது முதல் எண்ணைப் பொறுத்தது. 67 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், −1.5-க்கு மேல் இருந்தவர்களில் பத்தில் ஒருவர் எலும்புப்புரை நிலையை அடைய ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆயின, −1.5 முதல் −2 வரை இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 5 ஆண்டுகள். −2-க்கும் கீழே போய் −2.5-ஐத் தொடாமல் இருந்தவர்களுக்கு ஓராண்டுதான். ஆண்டுதோறும் எல்லோரும் எடுப்பது வீண் என்பதும், அம்மாவைப் போன்றவர்களை நெடுநாள் விட்டுவைப்பது தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும். அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கினால், ஓரிரு ஆண்டுகள் கழித்து இதே ஆய்வகத்தில் இதே கருவியில் எடுங்கள். அப்போது எண் ஏறாமல் அப்படியே நின்றாலும் மருந்து வேலை செய்கிறது என்றே கொள்வோம். பரிசோதனைக்கு முந்தைய 24 மணி நேரம் கால்சியம் மாத்திரை வேண்டாம். கரையாத மாத்திரை முதுகெலும்பின் மேல் விழுந்து எண்ணைக் கூட்டிவிடும். பேரியம் குடித்து எடுக்கும் படமோ அணுக்கதிர் ஸ்கேனோ செய்திருந்தால் ஓரிரு வாரம் கழித்தே போக வேண்டும்.

முடக்குவாதத்துக்குப் பார்க்கும் மருத்துவரிடமும் இந்த அறிக்கையைக் காட்டி, ஸ்டீராய்டைக் குறைத்து வேறு மருந்துக்கு மாற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் எலும்புக்கு அஞ்சி, அம்மா அந்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவருக்கு உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு அடங்கிப் போயிருக்கலாம், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.